கருவடிக்குப்பத்துச் சமாதியும் விடிய விடியக் கூத்தும்

நாடகம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் ஒரு மாணவி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். "தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி புதுச்சேரியில் இருக்கிறது. அப்படியானால் தமிழின் தொழில்முறை நாடகம் வளர்ந்த இடங்களில் புதுச்சேரியும் ஒன்றா? மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நடக்கிற ஸ்பெஷல் நாடகம் ஏன் கடலூர், புதுச்சேரிப் பக்கம் வேர் பிடிக்கவில்லை?"

முதல் கேள்விக்குப் பதில், அவர் எதிர்பார்க்கும் பொருளில், இல்லை என்பதுதான். சமாதி இருக்கும் ஊரெல்லாம் பிறந்த ஊராகிவிடாது. ஊர் ஊராகச் சுற்றும் தொழில்முறைக் குழுக்களின் கம்பெனி நாடகம் இந்தப் பக்கத்துக்கு ஒரு விருந்தாளியாக வந்தது, கொட்டகை போட்டது, வசூல் குறைந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனது. இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் முதல் கேள்விக்கும் வேறொரு பதில் கிடைத்துவிடும்.

சுவாமிகளிடமிருந்தே தொடங்குகிறேன். 1922 நவம்பர் 13 அன்று அவர் புதுச்சேரியில் காலமானார். வயது 55. இந்த ஊருக்கும் அவருக்கும் பூர்வீகத் தொடர்பு எதுவும் கிடையாது. பிறந்தது 1867இல், தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். நாடகத்துக்கு வருமுன் உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சும் கை காலும் முடங்கின. ஆனாலும் கம்பெனியை விட்டு அவர் ஒதுங்கவில்லை. கம்பெனி போகிற ஊருக்கெல்லாம் அவரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அது புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது மரணம் வந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். ஊர் ஊராகப் போகும் தொழிலில் இருந்த ஒருவர், முகாமிட்ட ஊர் ஒன்றில் இறந்துபோனார். புதுச்சேரிக்குச் சமாதி கிடைத்தது அப்படித்தான்.

அவர் செய்த வேலை என்ன என்று தெரிந்தால்தான் மேலே போக முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மராத்தி நாடகக் குழுக்களும் பார்சி நாடகக் குழுக்களும் தமிழ் ஊர்களுக்கு வந்து ஆடின. எழுதிய திரைகள், பக்கத் தட்டிகள், ஆர்மோனியம், டிக்கெட் கொடுத்து உள்ளே விடும் கொட்டகை எல்லாம் அவர்கள் வழியாக வந்து சேர்ந்தவை. அதைப் பார்த்துத் தமிழிலும் கம்பெனிகள் கிளம்பின. சாமான்கள் வந்துவிட்டன. ஆட ஒழுங்கான பிரதி இல்லை. நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிக் காலம் தள்ளினார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்பியவர் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி என்று வெண்பாவும் விருத்தமும் சந்தமும் உரையாடலுமாக எழுதிக் குவித்தார். ஊர் அறிந்த கதை, ஊர் கேட்ட மெட்டு, இலக்கணம் தப்பாத பாட்டு என்ற மூன்றும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன. படித்தவரும் படிக்காதவரும் ஒரே கொட்டகையில் உட்கார அதுவே போதுமானதாக இருந்தது.

அவர் நடிகராகவும் இருந்தவர். இராவணன், எமன், சனீசுவரன் போன்ற முரட்டு வேடங்கள் போட்டார். சனீசுவரன் வேடத்தோடு விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனவரைப் பார்த்து ஒரு பெண் பயத்தில் உயிரை விட்டாள், அன்றோடு அவர் வேடம் போடுவதை விட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சொல்பவரைப் பொறுத்து வேடமும் மாறும், பயந்த பெண்ணும் மாறுவாள். கதை உண்மையோ இல்லையோ, இதை எங்கள் கடலூர்ப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "விடியற்காலையில் வேடத்தோடு தெருவில் போகிறவனைப் பார்த்துப் பயப்பட, அந்த ஊர் கூத்தே பார்த்திராத ஊராக இருந்திருக்க வேண்டும்" என்றார். நான் இந்தப் பதிலில் சொல்லவருவதில் பாதி அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

கம்பெனி என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வளர்ந்த நடிகர்களை வைத்து மேய்ப்பது முடியாத காரியம் என்று சுவாமிகளுக்குப் பட்டது. எழுதிக் கொடுத்ததைப் பேசமாட்டார்கள், சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள், நல்ல பெயர் வந்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். சிறுவர்களை எடுத்துப் பழக்கினால் என்ன என்று எண்ணிய பலரில் அவரும் ஒருவர். அப்படி 1918இல் மதுரையில் உருவானதுதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. பிற்பாடு டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்ற சிறுவர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். சோறு, துணி, படுக்கை எல்லாம் கம்பெனி வீட்டில். பாட்டு, வசனம், அடி எல்லாம் வாத்தியாரிடம். ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம் போடும் சிறுவனுக்கு மகரக்கட்டு வந்து, அதாவது பருவ வயதில் குரல் உடைந்தால் அவனுடைய தொழிலும் அத்துடன் உடைந்துபோகும். அதற்குள் அவன் ராஜபார்ட் என்ற கதாநாயக வேடத்துக்கோ பபூன் என்ற கோமாளி வேடத்துக்கோ ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு ரயில் ஏற வேண்டும். இதையெல்லாம் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து ஒருநாள் யோசித்துப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட கம்பெனிக்கு ரயில் உயிர். எழுதிய திரைகளையும் தட்டிகளையும் உடைப் பெட்டிகளையும் நாற்பது ஐம்பது வாய்களையும் மாட்டு வண்டியில் ஏற்றித் தமிழ்நாடு முழுக்கச் சுற்ற முடியாது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் ரயில் வந்துவிட்டது. கடலூர் தென்னிந்திய ரயில்வேயின் தடத்திலேயே இருந்தது. துறைமுக வியாபாரமும் அரசு உத்தியோகமும் ஆலைக் கூலியும் உள்ள ஊர்கள் இவை. மாலையில் டிக்கெட் வாங்கக் காசு உள்ள கூட்டம் இருந்தது. அதனால் கம்பெனிகள் இங்கு வந்தன, ஆடின, சம்பாதித்தன. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால், நாடகங்களுக்குக் கடிவாளம் போட ஆங்கிலேயர் கொண்டுவந்த 1876ஆம் ஆண்டுச் சட்டம் இந்த எல்லைக்குள் செல்லாது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம். இதை வைத்து "தேசிய நாடகத்தின் புகலிடம் புதுச்சேரி" என்று தலைப்புப் போட்டு எழுத ஆசை வரும். எழுத்தாளருக்கும் பத்திரிகைக்கும் இந்த ஊர் புகலிடம் கொடுத்தது உண்மை. பாரதியார் பத்தாண்டு இங்கு இருந்தார். நாடகத் தொழிலுக்கு அது பெரிய மாற்றம் எதையும் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்கு வேண்டியது சுதந்திரத்தைவிட வசூல்.

சரி, ஸ்பெஷல் நாடகத்துக்கு வருவோம். சுவாமிகளின் பிரதிகள் எல்லா ஊர் நடிகர்களுக்கும் மனப்பாடம் ஆனபோது கம்பெனியே தேவையில்லாமல் போயிற்று. வள்ளி ஒரு ஊரிலிருந்து, முருகன் ஒரு ஊரிலிருந்து, நாரதர் வேறொரு ஊரிலிருந்து, ஆர்மோனியம் இன்னொரு ஊரிலிருந்து. தனித்தனியே ஒப்பந்தம் பேசி, ஒத்திகை இல்லாமல், இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து விடியும்வரை ஆடிவிடுவார்கள். பிரதி பொது என்பதால் இது முடிந்தது. எழுதியதை மட்டும் பேசு என்று பிள்ளைகளை அடித்துப் பழக்கிய மனிதரின் பிரதிகள்தான், வாய்க்கு வந்ததைப் பேசித் தர்க்கம் செய்யும் நாடகத்துக்கும் அடித்தளம் ஆயின. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் பாடிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டது இந்த வகை மேடையில்தான். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கங்களில் நடிகர் சங்கங்கள் இந்தத் தொழிலைச் சுற்றி எழுந்தன. கிராமத்தார் கோயில் கொடைக்கு நாடகம் பேச வேண்டும் என்றால் அங்கே போவார்கள்.

அந்தக் கோயில் கொடை என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. ஸ்பெஷல் நாடகம் பட்டணத்து டிக்கெட்டை நம்பி இன்றுவரை பிழைத்திருக்காது. கிராமத் திருவிழாவின் முழு இரவு ஒன்று அதற்கு வேண்டும். தெற்கே அந்த இரவு காலியாகக் கிடைத்தது. பழைய தென்னார்க்காட்டில் அந்த இரவில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரிக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் அரிது. செஞ்சிதான் இந்த வழிபாட்டின் நடுவிடம். பங்குனியிலிருந்து ஆடிவரை ஊர் ஊராகத் தீமிதி நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபுத்தூராரின் பாரதப் பாடலைச் சொல்லி ஒருவர் விளக்குவார். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். திரௌபதி கல்யாணம், சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதை, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவு ஒன்றுக்கு ஒரு கதை. கடைசி நாள் காலையில் மண்ணில் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். மாலையில் தீமிதி. இந்த வரிசையில் ஒரு இரவைப் பிடுங்கி வள்ளி திருமணத்துக்குக் கொடுங்கள் என்று எந்த ஊரில் போய்க் கேட்பது? கதை நின்றுவிட்டால் சடங்கு நின்றுவிடும். கூத்து இங்கே கோயில் வேலையின் ஒரு பகுதி.

"ஆனால் கூத்து நாட்டுப்புறக் கலைதானே, தொழில்முறை நாடகம் ஆகாதே" என்று அந்த மாணவி மறுமொழி எழுதினால் ஆச்சரியப்பட மாட்டேன். பாடப் புத்தகங்கள் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. இந்தப் பிரிவினையோடு எனக்குச் சண்டை உண்டு. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். கூத்துப் பேச வருகிறவர்களைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் வாத்தியார் வீடு தேடிப் போவார்கள். எத்தனை இரவு, என்னென்ன கதை, எத்தனை வேடம், சாப்பாடு யார் பொறுப்பு என்று பேரம் நடக்கும். வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கைமாறும். அதற்குப் பிறகு வேறு ஊர் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்தத் தேதியை மாற்றக் கூடாது. குழுவுக்கு ஜமா என்று பெயர். வாத்தியாருக்கு ஒரு பங்கு, மரக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடும் கட்டை வேடக்காரருக்கு ஒரு பங்கு, பெண் வேடத்துக்கு, மிருதங்கத்துக்கு, முகவீணை என்ற சிறு ஊதுகுழலுக்கு என்று கூலி பிரியும். பிள்ளைகளைச் சிறு வயதில் சேர்த்துக்கொண்டு அடவும் பாட்டும் சொல்லிக் கொடுத்து, முதலில் சில்லறை வேடம், பிறகு அபிமன்னன், பிறகு அர்ச்சுனன் என்று ஏற்றுவார்கள். ஒப்பந்தம், முன்பணம், பயிற்சி, படிநிலை, கூலி எல்லாம் இருக்கிறதே, இதில் எது தொழில்முறை இல்லை? டிக்கெட் மட்டும்தான் இல்லை. டிக்கெட்டை ஊரே சேர்ந்து வரியாகக் கட்டிவிடுகிறது.

ஆண்டு முழுக்க இதில் பிழைக்க முடியாது என்பதும் உண்மையே. ஆடிக்குப் பிறகு ஜமாக்காரர்கள் வயலுக்கோ தறிக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுவார்கள். இடையில் கைகொடுப்பது கருமாதிக் கூத்து. வயதானவர் இறந்தால் பதினாறாம் நாள் சடங்கை ஒட்டிக் கர்ண மோட்சம் ஆடும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. போர்க்களத்துக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் செத்துப்போனவரின் குடும்பம் வாய்விட்டு அழும். அழுவதற்கு ஒரு இடம் கொடுப்பதற்காகவே அந்தக் கூத்தை வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எந்தக் கொட்டகையிலும் நான் அப்படி ஒரு பார்வையாளர் கூட்டத்தைப் பார்த்ததில்லை.

கம்பெனி வந்து போனது கூத்தின்மேல் தடம் பதிக்காமல் போகவில்லை. முகவீணையோடு ஆர்மோனியம் வந்து உட்கார்ந்தது கம்பெனி நாடகத்தின் காலத்தில்தான். கம்பெனி மெட்டுகள் கூத்துக்குள் புகுந்தன. பல ஜமாக்கள் தங்களை "நாடக மன்றம்" என்றும் "நாடக சபா" என்றும் எழுதிக்கொள்கின்றன. எங்கள் ஊரில் பெரியவர்கள் "இன்றைக்கு நாடகம் விடுகிறார்கள்" என்றால் அது கூத்தைத்தான் குறிக்கும். மேடை கட்டி, எழுதிய திரை தொங்கவிட்டு, ஜிகினா உடையில் ஆடும் வழக்கமும் சில குழுக்களிடம் உண்டு. எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கூத்தின் திரை இரண்டு பேர் கையால் பிடிக்கும் ஒரு துணிதான். அதற்குப் பின்னால் நின்று துரியோதனன் திரை விருத்தம் பாடும்போது கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். துணி விலகி அவன் சுழன்று வரும் கணத்துக்கு, தொங்கவிட்ட அரண்மனைத் திரை எதுவும் ஈடாகாது.

அதன் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள். 1931இல் தமிழ் பேசும் படம் வந்தது. பாடத் தெரிந்த நடிகர்களைச் சினிமா வாரிக்கொண்டது. நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகள் ஆயின. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. டி.கே.எஸ். சகோதரர்கள் நீண்ட காலம் தாக்குப்பிடித்தார்கள். சினிமாவுக்கு நேரே போட்டியிட்ட கம்பெனி அடிவாங்கியது. கோயிலோடு கட்டுண்டிருந்த கூத்து அந்தப் போட்டியிலேயே இல்லை. அதனால் தப்பித்தது.

புதுச்சேரி தன் பங்குக்கு நாடகத்துக்கு எழுத்தாளரைக் கொடுத்தது. பாரதிதாசனின் "இரணியன் அல்லது இணையற்ற வீரன்" 1934இல் சென்னையில் பெரியார் தலைமையில் மேடையேறியது. அவருடைய "பிசிராந்தையார்" நாடகத்துக்கு அவர் மறைந்த பிறகு 1969இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இவை இயக்க நாடகமாகவும் இலக்கிய நாடகமாகவும் பெரியவை. நாடகத்தை வைத்துச் சோறு உண்பவர்களின் வரலாற்றில் இவற்றுக்கு இடம் சிறிது.

அந்த வரலாறு இந்த ஊரில் மறுபடி திரும்பியது 1980களின் கடைசியில். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி தொடங்கியபோது அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை வைத்தார்கள். இந்திரா பார்த்தசாரதி அதைத் தொடங்கி நடத்தினார். பின்னர் கே.ஏ. குணசேகரன் அங்கே ஆசிரியராக இருந்து நாட்டார் இசையையும் தலித் அரங்கையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். அங்கே படித்து வந்த வேலு சரவணன் "ஆழி" என்ற குழுவை நடத்திச் சிறுவர்களுக்காக நாடகம் போடுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். அவருடைய "கடல் பூதம்" பார்க்காத புதுச்சேரிப் பள்ளிப் பிள்ளைகள் குறைவு. சிறுவர்களை வைத்துப் பெரியவர்களுக்கு நாடகம் போட்ட கம்பெனிக் காலம் போய், பெரியவர் ஒருவர் சிறுவர்களுக்கு ஆடும் காலம் வந்தது இந்த ஊரில்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

மும்பையில் தொடங்கிய வீணாபாணி சாவ்லாவின் ஆதிசக்தி நாடகக் குழு 1990களில் புதுச்சேரிப் பக்கம் வந்து ஆரோவில் அருகே நிலைகொண்டது. உடலையும் மூச்சையும் தாளத்தையும் பல ஆண்டு பயின்ற முழுநேர நடிகர்கள் அங்கே உருவானார்கள். குமரன் வளவன் 2007இல் தொடங்கிய இந்தியநாஸ்ட்ரம் நாடகக் குழு, ரோமன் ரோலன் தெருவில் பழைய "பாத்தே" சினிமாக் கூடம் ஒன்றை நாடக அரங்காக மாற்றிப் பல ஆண்டுகள் இயக்கியது. நாடகக் கொட்டகையைச் சினிமா விழுங்கிய கதையைத்தான் இதுவரை கேட்டிருப்போம். இங்கே ஒரு சினிமாக் கொட்டகை நாடகத்துக்குத் திரும்பி வந்தது.

பிரான்சிலிருந்து நாடக இயக்குநர் அரியான் முனுஷ்கின் தன் தியாத்ரு த்யூ சொலெய் குழுவோடு 2015 கடைசியில் புதுச்சேரிக்கு வந்து பட்டறை நடத்தினார். அடுத்த ஆண்டு பாரிஸில் அவர்கள் மேடையேற்றிய நாடகத்தில் திரௌபதியின் துகிலுரிதலும் கர்ணனின் சாவும் கூத்தாகவே இடம்பெற்றன. பிரெஞ்சு நடிகர்களுக்கு அடவும் பாட்டும் சொல்லிக் கொடுத்தவர் பழைய வடார்க்காட்டுப் புரிசையைச் சேர்ந்த கூத்து வாத்தியார் சம்பந்தன் தம்பிரான். வடார்க்காட்டுக் கூத்தும் எங்கள் கூத்தும் பாணியில் வேறுபட்டவை, தாயாதிகள் என்று வைத்துக்கொள்ளலாம். நூறாண்டுக்கு மேல் பிரெஞ்சு அதிகாரிகள் இந்த ஊரில் உட்கார்ந்திருந்தார்கள். வில்லியனூர் தாண்டினால் கேட்கும் மிருதங்கச் சத்தம் பாரிஸ் மேடைக்குப் போய்ச் சேர, அவர்கள் கொடி இறங்கி அறுபது ஆண்டு ஆக வேண்டியிருந்தது.

ஆகவே கட்டுரைக்கு நான் சொல்வது இது. புதுச்சேரியைக் கம்பெனி நாடகத்தின் தொட்டிலாக எழுதாதீர்கள். அது முகாம்களில் ஒன்று, தலைமையாசிரியரின் கடைசி முகாம். இந்த வட்டாரத்தின் தொழில்முறை அரங்கு எது என்று கேட்டால் ஜமாக்களின் முன்பணக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

நவம்பர் 13 அன்று கருவடிக்குப்பம் போங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் நாடகக் கலைஞர்கள் வந்து மாலை போடுவார்கள். அவர்களிடம் ஆர்மோனியத்தையும் மகரக்கட்டையும் பற்றிக் கேளுங்கள். பிறகு பங்குனி, சித்திரையில் பாகூர்ப் பக்கமோ பண்ருட்டிப் பக்கமோ எந்த ஊரில் தீமிதிக்குக் கொடி ஏறியிருக்கிறது என்று விசாரித்து, அர்ச்சுனன் தபசு அன்று இரவு பாயும் போர்வையுமாகப் போய்விடுங்கள். நள்ளிரவுக்கு மேல் அர்ச்சுனன் தபசு மரம் என்ற உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவான். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் குங்குமமும் வீசுவான். பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். மரத்தடிக்கு மிக அருகில் பாயை விரிக்க வேண்டாம். பழம் விழும்போது வரும் கூட்டம் குறிப்பேட்டையும் மிதிக்கும், குறிப்பெடுப்பவரையும் மிதிக்கும்.